சரன்பவுல் என்பது ஆள் பெயர் அல்ல

சரன்பவுல் என்று தமிழில் எழுதிப் பார்த்தால் சர்ச்சில் ஞானஸ்நானம் வாங்கிய ஆள் பெயர் மாதிரி இருக்கிறது. சரண் பவுல், தகப்பனார் பெயர் தேவசகாயம் என்று வாக்காளர் அட்டைக்கே விண்ணப்பம் போட்டுவிடலாம். ஆனால் அது ரஷ்யாவில், உரால் மலைக்குக் கிழக்கே, லியாபின் என்ற ஆற்றங்கரையில் இருக்கிற ஒரு ஊர். அரசாங்கக் காகிதம் எல்லாவற்றிலும் அதுதான் பெயர். ரஷ்யர் ஒருவரிடம் உங்கள் மொழியில் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார், ஏனென்றால் அதில் ரஷ்யச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. ‘பவுல்’ என்பது மன்சி மொழியில் கிராமம், அவர்கள் வாயில் ‘பாவில்’ என்று வரும். ‘சரன்’ என்பது கோமி என்ற பக்கத்து இனத்தாருக்கு மன்சிகள் வைத்த பெயர். மலைக்கு மேற்கே இருந்த கோமிகள் துருவ மான் மந்தைகளை ஓட்டிக்கொண்டு 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் இறங்கிவந்து குடியேறினார்கள். மன்சிகள் அதைக் கோமிக்காரன் ஊர் என்றார்கள், எழுத வந்த ரஷ்யக் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதிக்கொண்டு போனார். குடியிருந்தது ஒருவர், கூப்பிட்டது ஒருவர், எழுதியது ஒருவர்.

எனக்கு இந்த விஷயத்தில் பைத்தியம் பிடித்ததே அந்த மூன்றாவது ஆளால்தான். பாலக்கோடு பக்கம் இ-சேவை மையம் நடத்துகிறேன். பட்டா, வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று நாள் முழுக்க ஊர்ப் பெயர் தட்டச்சு செய்வதுதான் பிழைப்பு. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இந்த வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், எங்கள் ஜென்ம விரோதி ‘அள்ளி’தான். கன்னடத்து ஹள்ளி இங்கே வந்து அள்ளி ஆனது, அதே ஊரைத் தெலுங்குக்காரர் பள்ளி என்பார், பேருந்துப் பலகையில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பத்திரத்தில் ஒன்று. ஒரு பாட்டிக்கு இந்த ஓர் எழுத்துக்காக உதவித்தொகை மாசக் கணக்கில் நின்றுபோய், நானும் அவரோடு ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். அங்கே இருந்தவர், “ஊரே வேறயா இருக்கே, எப்படிம்மா பாஸ் பண்றது” என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஊர் வேறு இல்லை, அதை எழுதியவர் வேறு. அதைச் சொன்னால் எடுபடாது.

சரி, பாலக்கோட்டிலிருந்து மன்சிக்கு எப்படிப் போனேன்? என் அண்ணன் மகனால். 1959 பிப்ரவரியில் உரால் மலையில் ஒன்பது பேர் கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு ஓடி இறந்துபோன கதை, தியாத்லவ் கணவாய் மர்மம், அதை யூடியூபில் பார்த்துவிட்டு, “அத்தை, அந்த மலைக்குப் பேரே ‘பிணங்களோட மலை’யாம்” என்று மிரண்டுபோய் வந்து நின்றான். அந்தப் பெயர் எந்த மொழி என்று தேடப் போனதுதான். அந்த மலைக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

மன்சி என்பவர்கள் சுமார் 12,000 பேர். 2010 கணக்கெடுப்பில் அவர்கள் மொழி தெரியும் என்று சொன்னவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. ரஷ்யர்கள் பழைய நாளில் இவர்களை வோகுல் என்பார்கள். பக்கத்து இனம் ஹான்ட்டி, அவர்களுக்கு ரஷ்யர் வைத்த பழைய பெயர் ஒஸ்தியாக். (காந்தி என்று எழுதலாம் என்று பார்த்தால் மகாத்மா வந்து நிற்கிறார், ஹந்தி என்று எழுதினால் இங்கே சண்டையே வரும், அதனால் ஹான்ட்டி.) இரண்டு இனத்தின் பெயரிலும் ஒரு தன்னாட்சி மாவட்டம் 1930இல் உண்டானது, அதன் தலைநகர் ஹான்ட்டி-மன்சிஸ்க். மேற்கு சைபீரியாவின் பெட்ரோல் எல்லாம் அங்கேதான் கிடக்கிறது என்பதால் ஊர் இன்றைக்குப் பளபளவென்று இருக்கிறது. 1940 வரை அந்த நகரத்துக்கும் மாவட்டத்துக்கும் ‘ஒஸ்தியாக்-வோகுல்’ என்றுதான் பெயர், அதாவது வெளியார் வைத்த பட்டப்பெயர் இரண்டையும் ஒட்டி ஒரு ஊர். ‘மன்சி’ அவர்கள் தங்களைத் தாங்களே சொல்லிக்கொள்வது.

லியாபின் ஆற்றை வரைபடத்தில் வைத்துக்கொண்டு கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். இதில் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் அல்ல. நான்கைந்து சொல் தெரிந்தால் போதும், பெயர்கள் வரிசையாகத் திறந்துகொள்ளும். ‘யா’ என்றால் ஆறு. ‘சூன்ட்’ என்றால் முகத்துவாரம், வாய். ‘ஊஸ்’ கோட்டை அல்லது நகரம், ‘தூர்’ ஏரி, ‘ஞோர்’ பாறை மலை, ‘மான்’ சின்னது. இப்போது படியுங்கள். யாசுன்ட் என்றொரு ஊர், ஆற்றின் வாய். ஹூலிம்சுன்ட், ஹூலிம் ஆற்றின் வாய். ஹூரும்பவுல், ‘ஹூரும்’ மூன்று, பவுல் ஊர். அந்த மூன்றை ஹங்கேரிக்காரரிடம் சொன்னால் அவருக்கே புரிந்துவிடும், அவர்கள் மூன்றுக்கு ‘ஹாரொம்’ என்கிறார்கள். ஐரோப்பா நடுவில் உட்கார்ந்திருக்கிற ஹங்கேரி மொழிக்கு உலகத்தில் மிக நெருங்கிய சொந்தம் இந்த மன்சியும் ஹான்ட்டியும்தான்.

அப்புறம் மான்யா. மான் என்றால் சின்னது, யா என்றால் ஆறு. சின்ன ஆறு. நம் சின்னாறு! பஞ்சப்பள்ளி அணை கட்டியிருக்கிறார்களே, ஒகேனக்கல் பக்கம் போய்க் காவிரியில் சேருகிறதே, அந்தச் சின்னாறுக்கு உராலில் ஒரு பங்காளி. அதோடு விட்டார்களா? ரஷ்யர்கள் வரைபடத்தில் ‘மான்யா ஆறு’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள், நாமும் ‘சின்னாறு ரிவர்’ என்று பாலத்துக்குப் பாலம் பலகை வைத்திருக்கிறோம், ஆறு இரண்டு தடவை ஓடுகிறது. அந்தப் பக்கம் உஸ்த்-மான்யா என்று ஒரு ஊரும் உண்டு. உஸ்த் என்பது ரஷ்யத்தில் முகத்துவாரம். மன்சிக்காரர் பெயரின் பின்னால் சூன்ட் என்று போடுவதை ரஷ்யர் முன்னால் உஸ்த் என்று போடுகிறார், நடுவில் மான்யா மட்டும் அசையாமல் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு கூட்டம் கை தூக்கும் என்று எனக்குத் தெரியும். “மேடம், யா என்றால் ஆறா? சங்கப் பாட்டில் ஆற்றுக்கு யாறு என்றுதானே வருகிறது! அப்போ மன்சி தமிழ்தானே!” ஃபேஸ்புக்கில் இந்த வாரமே யாராவது எழுதிவிடுவார்கள், ஊஸ் என்பது ஊர் என்றும் சேர்த்து. இதை நான் கிண்டலாக மட்டும் சொல்லவில்லை. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லே இந்தத் திசையில்தான் போனார், திராவிட மொழிகளை அவர் ‘சிதியன்’ என்று சொன்ன ஒரு பெரிய குடும்பத்தோடு சேர்த்தார், பின்னிஷ் வகை மொழிகள் எல்லாம் அவர் கணக்கில் அதற்குள்தான். இன்றைய மொழியியலார் அதை ஏற்பதில்லை. இந்த ‘யா’வையே எடுத்துக்கொள்ளுங்கள். பின்னிஷில் ஆற்றுக்கு ‘யோக்கி’. ஹான்ட்டியில் ‘யோகன்’ மாதிரி ஒரு சொல், எண்ணெய் நகரம் நெஃப்தேயுகான்ஸ்க் பெயரில் நடுவில் இருக்கிறதே ‘யுகான்’, அதுதான், முன்னால் நெஃப்த் என்பது பெட்ரோல், பின்னால் ஸ்க் என்பது ரஷ்ய ஒட்டு. ஹங்கேரியில் ஷாயோ என்று ஒரு ஆறு, அதன் வால் ‘யோ’வும் அதே சொல்தான். இவ்வளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பழைய சொல்லில் நடுவில் ஒரு ‘க்’ இருந்தது, மன்சியில் அது தேய்ந்துபோய் ‘யா’ மட்டும் மிஞ்சியது என்பது தெரிகிறது. நம் யாறில் அந்த ‘க்’ இல்லை, இங்கே இருக்கிற ‘று’ அங்கே இல்லை. ஒலி ஒத்துப்போனால் சொந்தம் என்று முடிவு கட்டுகிறவர்களோடு எனக்கு எப்போதும் தகராறுதான்.

இதுவரை சொன்னது சுலபமான வகை, மன்சிச் சொல்லை ரஷ்யர் காதால் கேட்டு அப்படியே எழுதியது. ஆனால் பெரிய ஆறுகளின் பெயரைப் பார்த்தால் கதை மாறுகிறது. வடக்கு சோஸ்வா என்று ஒரு ஆறு, மன்சிகளின் தாய்மடி என்றே சொல்லலாம், அதன் மன்சிப் பெயர் ‘தாக்த்’. ரஷ்ய வரைபடத்தில் தாக்த் எங்கேயும் கிடையாது. லோஸ்வா என்று இன்னொன்று, மன்சியில் ‘லூசும்’. இந்த ‘வா’ எங்கேயிருந்து வந்தது? கோமி மொழியில் ‘வா’ என்றால் தண்ணீர். ரஷ்யர்கள் மலையைத் தாண்டி வந்தபோது வழி காட்டியவர்கள், மொழிபெயர்த்தவர்கள் கோமிகள். முன்னால் நடந்தவர் சொன்ன பெயர்தான் பின்னால் வந்தவர் புத்தகத்தில் ஏறியது. ஆற்றங்கரையில் குடியிருந்தவரை யாரும் கேட்கவில்லை, அல்லது கேட்டும் அவர் சொன்னது எழுத்தில் ஏறவில்லை. அந்த நிலப்பரப்பு முழுவதற்கும் இன்று பெருமையாக வைத்துக்கொள்கிற ‘யூக்ரா’ என்ற பெயரும் கோமிகள் இந்த மக்களைக் குறிப்பிட்ட பெயரிலிருந்து வந்ததுதான், 2003இல் அதை மாவட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயரோடும் சேர்த்துவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நம் பாராமகால், அதாவது தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தின் பழைய பெயர், ஞாபகம் வராமல் இருக்குமா? 1792இல் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்த சீமை இது. கேப்டன் ரீடும் தாமஸ் மன்றோவும் ஊர் ஊராக நிலம் அளந்து வரி போட்டார்கள். ஊரில் பேசுவது தமிழும் தெலுங்கும் கன்னடமும், வரி வாங்குகிறவன் எழுதுவது இங்கிலீஷில். இன்றைக்கு வரை அந்தச் சிக்கல் தீரவில்லை, 2020 ஜூனில் 1,018 ஊர்களின் இங்கிலீஷ் எழுத்தைத் தமிழ் உச்சரிப்புப்படி மாற்றி அரசாணை போட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் புது எழுத்தில் எங்கள் மாவட்டத்தின் பெயரைப் பார்த்து எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை, சில நாளிலேயே அரசாணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். என் கணினிக்குள் அந்த ஆயிரம் ஊரையும் மாற்ற வேண்டியிருந்தால் என் கதி என்ன என்று நினைத்து அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

மொழிபெயர்த்து வைத்த பெயர்களும் உண்டு. 1593இல் ரஷ்யர் கட்டிய பெர்யோசோவோ கோட்டை, பெர்யோசா என்றால் அந்தக் குளிர்நாட்டு வெள்ளைப்பட்டை மரம், பூர்ச்ச மரம். மன்சியில் அந்த ஊர் ஹால்-ஊஸ், ஹான்ட்டியில் சூமுத்-வோஷ், மூன்றும் ‘பூர்ச்ச மர ஊர்’தான். பேரரசர் பீட்டரின் வலதுகையாக இருந்த மென்ஷிகோவ் பதவி போய் நாடு கடத்தப்பட்டு 1729இல் செத்தது இங்கேதான். உராலில் ரஷ்யர் ‘மலேப்னி கமென்’ என்கிற மலை, வழிபாட்டுப் பாறை, மன்சியில் ‘யால்பிங் ஞோர்’, புனித மலை. இதில் ஒன்றும் சர்ச்சை இல்லை, நகரலாம்.

எனக்குப் பிடித்த வகை ஆள் பெயரில் இருக்கிற ஊர்கள். அதற்கு நம் பக்கத்துக் கொட்டாய் தெரிந்திருக்க வேண்டும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், இந்த மாவட்டங்களில் ஊரை விட்டு நிலத்தில் தனியாகப் போய் வீடு போட்டுக்கொண்டு இருப்பார்கள், அந்தக் குடியிருப்புக்குக் கொட்டாய் என்று பெயர், முன்னால் முதலில் போய் உட்கார்ந்தவர் பெயர் வரும். மாரண்டஅள்ளி பக்கத்துத் தாத்தா ஒருவர் என் மையத்துக்கு வந்தார்.

“தாத்தா, ஊர் பேரு என்னன்னு போடறது?”

“முனியன் கொட்டாய்னு போடும்மா.”

“முனியன் யாருங்க தாத்தா, உங்க சொந்தமா?”

“எங்க பாட்டனுக்கும் பாட்டன். கொட்டாய் எல்லாம் இடிஞ்சு எந்தக் காலமோ ஆச்சு, இப்ப அங்க ரைஸ் மில்லு ஓடுது. ஆனா பஸ்ஸு நிக்கறது முனியன் கொட்டாய்னுதான்.”

“லிஸ்ட்ல அந்தப் பேரு இல்லீங்களே தாத்தா. வருவாய் கிராமம்தான் இருக்குது.”

“லிஸ்ட்டு போட்டவன் எங்க கொட்டாய்க்கு வந்தானா?”

அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, வருவாய் கிராமத்தையே போட்டு அனுப்பினேன்.

மன்சி நிலத்திலும் ரஷ்யக் குமாஸ்தாக்கள் இதையேதான் செய்தார்கள், ஆனால் அவர்களுக்கு லிஸ்ட்டில் ஆள் பெயர் வேண்டும். காரணம் யாசாக். அதாவது தோல் வரி. சேபிள் என்கிற கீரி மாதிரி பிராணியின் தோல் மாஸ்கோவில் பொன்னுக்குச் சமம், தலைக்கு இத்தனை தோல் என்று வசூல். நிலத்தை அளந்து பயனில்லை, காட்டில் ஆளைப் பிடித்தால்தான் தோல். அதனால் வரிப் புத்தகத்தில் ‘இன்னாருடைய யூர்த்தி’ என்று எழுதிக்கொண்டார்கள். யூர்த் என்பது துருக்கிய வகைச் சொல், புல்வெளியில் கம்பளிக் கூடாரத்தில் வாழ்கிறவர்களுக்குப் பொருந்தும். மன்சிகள் மரக்கட்டை வீட்டில் இருந்தவர்கள். ஆனாலும் குமாஸ்தாவுக்கு ரஷ்யர் அல்லாத எவர் வீடும் யூர்த்திதான். பெரியவர் பெயர், அதோடு ஒரு ரஷ்ய விகுதி, ஊர் தயார்.

இப்படி நிலைத்தவற்றில் சில பெயர்களைக் கேளுங்கள். ஹான்ட்டி-மன்சிஸ்க் நகரத்துக்குள் சமாரோவோ என்ற பகுதி இருக்கிறது, நகரத்தைவிடப் பல நூறு வருடம் பழைய ஊர், 1950இல்தான் அதை நகரத்தோடு சேர்த்தார்கள். சமார் என்பது ஹான்ட்டித் தலைவன் ஒருவன் பெயர். ரஷ்யர்களுக்காகச் சைபீரியாவுக்குள் படையெடுத்த கொசாக் தலைவன் எர்மாக்கின் படையிலிருந்து 1583இல் போக்தன் பிரியாஸ்கா என்பவன் ஆட்களோடு ஆற்றில் இறங்கி வந்து அவனைக் கொன்றான். கொன்றவன் பெயரில் அங்கே ஊர் இல்லை. செத்தவன் பெயரில் ரஷ்யர்களே ஊர் வைத்துக்கொண்டு வண்டியோட்டிகளைக் குடியமர்த்தினார்கள்.

இன்னொன்று கோண்டா ஆற்றங்கரையில் நக்ராச்சி. இது மன்சி நிலம். 1715 வாக்கில் தொபோல்ஸ்க் தலைமைப் பாதிரியார் ஃபிலஃபேய் கூட்டத்தோடு வந்து சிலைகளை எரித்து ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டு போகிறார். கூடவே கிரிகோரி நொவிட்ஸ்கி என்ற உக்ரைன்காரர், அவரும் நாடு கடத்தப்பட்டவர்தான், நடந்ததையெல்லாம் எழுதிவைத்தார். கோண்டா மன்சிகளின் சாமிக்குக் காவலாக இருந்த பூசாரி நக்ராச். ஜனங்கள் பயந்துபோய் இருக்கிறார்கள், எதிர்த்தால் ஜார் என்ன செய்வாரோ. நக்ராச் ஒரு பேரம் பேசினாராம்: சரி, நாங்கள் உங்கள் மதத்துக்கு வருகிறோம், ஆனால் எங்கள் சாமியை எரிக்காதீர்கள், அதற்கும் ஞானஸ்நானம் கொடுங்கள், தங்கச் சிலுவை போடுங்கள், நாங்களே கோயில் கட்டுகிறோம், உங்கள் படங்களோடு எங்கள் சாமியையும் வைத்துவிடலாம். இதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன், அப்புறம் யோசித்தால் இதில் சிரிக்க என்ன இருக்கிறது, நம் ஊரில் எந்த முனியப்பனுக்கு இப்படி ஒரு சமரசம் நடக்கவில்லை? பாதிரியார் ஒத்துக்கொள்ளவில்லை, சிலை எரிந்தது. நொவிட்ஸ்கி சில வருடம் கழித்து அந்தக் கோண்டாப் பக்கத்திலேயே கொல்லப்பட்டார். ஊர் மட்டும் பூசாரி பெயரிலேயே நக்ராச்சி என்று இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இருந்தது என்று அந்தப் பக்கம் சொல்வார்கள்.

ஏன் ‘இருந்தது’? இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஓப் நதிக்கரையில் கோண்டின்ஸ்கோயே என்று வேறொரு ஊர், பழைய மடம் இருந்த ஊர். சோவியத் காலத்தில் அதற்கு அக்டோபர் புரட்சி நினைவாக ஒக்தியாபிர்ஸ்கோயே என்று பெயர் மாற்றினார்கள். கோண்டின்ஸ்கோயே என்ற பெயர் சும்மா கிடந்தது. பிறகு அதைத் தூக்கிக்கொண்டு வந்து நக்ராச்சிக்கு வைத்துவிட்டார்கள். வரைபடத்தில் இன்று கோண்டின்ஸ்கோயே என்று பார்க்கிறவருக்கு, ஆகா கோண்டா ஆற்றங்கரை ஊர், பொருத்தமான பெயர் என்றுதான் தோன்றும். தங்கச் சிலுவை கேட்ட பூசாரி அதற்கு அடியில் இருக்கிறார்.

அதே ஆற்றில் சத்திகா என்று ஒரு ஊர், அதுவும் மன்சிப் பிரபு ஒருவன் பெயர். பக்கத்தில் ஏரி, பெயர் சத்திகின்ஸ்கி தூமன். ரஷ்யத்தில் தூமன் என்றால் மூடுபனி. சத்திகாவின் மூடுபனி, கவிதை மாதிரி இருக்கிறது, இல்லையா? ஒன்றும் இல்லை, அந்தப் பக்கத்து வழக்கில் ஆறு ஊடே பாய்கிற ஆழமில்லாத அகன்ற ஏரிக்குத் தூமன் என்று பெயர். பெலிம் தூமன் என்று இன்னொன்றும் இருக்கிறது. பனிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

ஷைத்தான் ஊர்களையும் சொல்லிவிடுகிறேன். உராலில் ஷைத்தான்கா என்று எத்தனையோ ஆறுகள், ஊர்கள். நம் முஸ்லிம் சொந்தங்கள் சொல்கிற அதே சைத்தான்தான். அரபிச் சொல் தாத்தாரியர் வழியாக ரஷ்யர் வாய்க்கு வந்து, மன்சிகளின் மரச் சாமி எதைப் பார்த்தாலும் ஷைத்தான் என்றே எழுதினார்கள். மன்சி கும்பிட்ட இடம் வரைபடத்தில் பிசாசு ஊர் ஆனது. இன்றைய பெர்வோஉரால்ஸ்க் என்ற தொழில் நகரம் 1732இல் இரும்பு ஆலையாக ஆரம்பித்தபோது ஷைத்தான்கா என்றுதான் அழைக்கப்பட்டது. கும்பிட்டவர் வைத்த பெயர் என்ன என்பது அந்தப் பெயரில் இல்லை.

சோவியத் ஊர்களில் எனக்கு ஆர்வம் குறைவு. 1960களில் இவ்தெலிலிருந்து ஓப் வரை ரயில் போட்டபோது ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் சவேத்ஸ்கி, பியோனெர்ஸ்கி, கம்யூனிஸ்திசெஸ்கி என்று வைத்துக்கொண்டே போனார்கள், நம் ஊரில் மூலைக்கு மூலை அண்ணா நகர், எம்ஜிஆர் நகர், இந்திரா நகர் இருப்பது மாதிரி. கம்சமோல்ஸ்கி மட்டும் 1992இல் யூகோர்ஸ்க் ஆனது, பழைய யூக்ரா திரும்பி வந்தது. இதில் சேராதது உராய். அதுவும் பெட்ரோல் நகரம்தான், ஆனால் பெயர் உள்ளூர்ச் சொல், ஆறு திசை மாறிப் போனபின் வளைந்து கிடக்கிற பழைய நீர்த்தடம்.

இப்போது அண்ணன் மகனின் மலை. ஹோலாத் சியாஹில், ‘செத்த மலை’ என்ற மட்டில் அர்த்தம் சரிதான், ‘சியாஹில்’ மலை. ஆனால் 1959க்கு முன்பே அந்தப் பெயர் இருந்தது, ஒன்பது பேர் செத்ததால் வந்ததில்லை. வேட்டைக்காரர்கள் ஒரு மலையைச் செத்தது என்றால் அங்கே மிருகம் இல்லை, ஒன்றும் விளையாது என்று பொருள் கொள்வதுதான் இயல்பு. நாம் ‘பாழடைஞ்ச கரடு’ என்று சொல்வதில்லையா? அந்த ஒன்பது பேரும் போகப் பார்த்த அடுத்த மலை ஒத்தோர்த்தென். அதற்கு ‘அங்கே போகாதே’ என்று மன்சியில் அர்த்தம் என்று எல்லா வீடியோவிலும் அடித்துச் சொல்கிறார்கள். முழுப் பொய். உராலின் ஊர்ப்பெயர், மலைப்பெயர் ஆராய்ச்சியில் பெரிய கை மத்வேயெவ், யெகாத்தெரின்பர்கில் இருந்த பேராசிரியர், 2010இல் காலமானார். அவர் விளக்கப்படி அந்தப் பெயர் அந்த மலையுடையதே இல்லை. பக்கத்தில் வேறொரு மலைக்கு மன்சியில் ‘வோத் தார்த்தன் சியாஹில்’ என்று பெயர், காற்றை விடுகிற மலை. வரைபடம் போட்டவர்கள் அதைக் குழப்பி இந்த மலைமேல் எழுதிவிட்டார்கள். மன்சிகள் இந்த மலையைச் சொல்வது ‘லூண்ட் ஹூசாப் சியாஹில்’, வாத்துக்கூடு மலை. பையனிடம் சொன்னேன். “வாத்துக்கூடா?” என்று முகம் சுருங்கிப்போனான், பேய்க்கதை கெட்டுவிட்டது.

சரி, இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால், நடந்து போய்க் கேட்டுத்தான். 1843-44இல் அந்தல் ரெகுலி என்ற ஹங்கேரிக்காரர், தன் மொழிக்குச் சொந்தம் தேடிப் பனிக்காட்டில் மன்சிகளோடு திரிந்தார், பாட்டுகளை எழுதினார், வடக்கு உராலுக்கு வரைபடமும் போட்டுக் கொடுத்தார். அவர் எழுதியதில் பலவற்றுக்குப் பொருள் சொல்லாமலே இறந்துவிட்டார், அதைப் புரிந்துகொள்வதற்காகவே முன்காச்சி பெர்னாத் 1888இல் கிளம்பிப் போனார். பிறகு ஆர்த்தூரி கன்னிஸ்தோ என்ற பின்லாந்துக்காரர் 1901 முதல் 1906 வரை மன்சிகளோடு இருந்து வட்டாரம் வட்டாரமாகப் பேச்சைப் பதிந்தார், 1943இல் அவர் இறந்த பிறகும் அந்த நோட்டுகளை மற்றவர்கள் அச்சிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அந்த நோட்டுகள் இல்லாவிட்டால் தெற்கு மன்சி நிலத்தின் ஊர்ப் பெயர்களைப் பற்றிப் பேசவே முடியாது, ஏனென்றால் தாவ்தா, பெலிம், கோண்டா பக்கத்து மன்சிப் பேச்சு இன்று உயிரோடு இல்லை, சோஸ்வா பக்கத்து வடக்கு மன்சி மட்டும்தான் மிச்சம். பெலிமில் 1593இல் ரஷ்யர் கோட்டை கட்டியபோது அங்கே ஆண்ட மன்சிப் பிரபு அப்லெகிரிம் பேசியதும் லியாபின் கரையில் இன்று பேசுவதும் ஒரே பேச்சு இல்லை, தேன்கனிக்கோட்டைத் தமிழுக்கும் நாகர்கோவில் தமிழுக்கும் இருக்கிற தூரத்தைவிட அதிகம், ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் புரியாத அளவுக்கு. ஆனால் இணையத்தில் பெலிம், கோண்டாப் பக்கத்து ஊர்ப் பெயர்களுக்குக் கிடைக்கிற விளக்கங்கள் பலவும் வடக்கு அகராதியைப் புரட்டி, ஒலி கொஞ்சம் ஒத்துவந்ததும் அர்த்தம் எழுதிவிட்டவை. அந்த மாதிரி விளக்கத்தில் வட்டாரமும், யார் எந்த வருடம் எழுதிக்கொண்டார் என்பதும் இல்லாவிட்டால் நான் நம்புவதில்லை, யாராவது அனுப்பிவைத்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.